இடுப்பில் குழந்தை, கையில் டிபன் கேரியர்... மியூஸியம் போகலாமா?

"அம்மா, 'எங்கள் ஊர்' கட்டுரை எழுதிட்டேன். சரியா இருக்கான்னு பாரேன்!"

ஏழாவது படிக்கும் என் மகள் நோட்டை நீட்டினாள். அடுப்பில் ரசம் நுரை கட்டும் நேரம். ஒரு கையில் தாளிப்புக் கரண்டி, மறு கையில் நோட்டு. படித்தேன். மொத்தமே ஐந்து வரி. எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி. இங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. நிறைய லாரிகள் ஓடும். ரயில் நிலையம் உண்டு. கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. "எங்கள் ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை."

"ஏண்டி இப்படி எழுதியிருக்கே?" என்றேன்.

"வேற என்னம்மா இருக்கு? தஞ்சாவூர்னா பெரிய கோவில். மதுரைன்னா மீனாட்சி. நம்ம பக்கம் ஃபேக்டரி புகைதானே?"

பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அதுதான் வெட்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகிறது. ரேஷன் கடைக்கு எது குறுக்கு வழி என்று தெரியும். எந்த பஸ்ஸில் கூட்டம் குறைச்சல் என்று தெரியும். ஆனால் இந்த மண்ணைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்ல ஒரு வரி தெரியவில்லை.

ராத்திரி என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். "நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூண்டியில ஒரு மியூஸியம் இருக்கே, கற்கால ஆயுதமெல்லாம் வெச்சிருக்காங்களாம். கூட்டிண்டு போயேன்" என்றார். சொல்லிவிட்டு மோரை ஊற்றிக் கொண்டார். ஆண்களுக்கு யோசனை சொல்வது எவ்வளவு சுலபம்!

எனக்கு மியூஸியம் என்றாலே ஒரு பயம் உண்டு. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் பட்ட பாடு

மகள் மூன்று வயதாக இருந்தபோது ஒரு பெரிய மியூஸியத்துக்குப் போயிருந்தோம். எந்த ஊர், எது என்பதெல்லாம் வேண்டாம். காசு கொடுத்து வந்திருக்கிறோமே, ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆவேசம். அறை அறையாக ஓடினோம். குழந்தை தண்ணீர் கேட்டாள், பிறகு பாத்ரூம் கேட்டாள், பிறகு ஒரு சிலையைத் தொட்டாள். காவலுக்கு இருந்தவர் போட்ட அதட்டலில் வீறிட்டு அழுதாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பலகைகளில் எழுதியிருந்ததைப் படித்தால், 'உலோகக் காலம்', 'நுண்கற்காலம்' என்று என் பத்தாம் வகுப்புப் படிப்புக்கு எட்டாத வார்த்தைகள். யாரையாவது கேட்கலாம் என்றால், 'இதுகூடத் தெரியாதா?' என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம். தலைவலியோடு வீடு திரும்பி, 'இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்' என்று சபதமே செய்துவிட்டேன்.

இந்தத் தடவை மகளின் அந்தக் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை அவளுக்கு. "நானும் வரேங்க்கா. வீட்டுக்குள்ளயே இருந்து இருந்து பைத்தியம் பிடிக்குது" என்றாள். ஆக, நாங்கள் இரண்டு பேர், என் மகள், எட்டு வயதுச் சின்னவன், கைக்குழந்தை. எலுமிச்சஞ்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்க் நிறைய வெந்நீர் சகிதம் கிளம்பினோம். திருவள்ளூர் வரைக்கும் வந்து, அங்கிருந்து பூண்டி பஸ்.

ஏரிக்கரையில் ஒரு பொக்கிஷம்

பூண்டி என்றால் நமக்கெல்லாம் ஏரிதான் ஞாபகம் வரும். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. சென்னை மேயராக இருந்த தியாகி சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னைவாசிகள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. 1996 முதல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நதித் தண்ணீரும் கால்வாய் வழியாக இங்கேதான் வந்து சேருகிறது.

இந்த ஊரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-ல் ஒரு அகழ்வைப்பகத்தை அமைத்தது. பெரிய மாளிகை என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சின்னதுதான். ஆனால் சின்னதாக இருப்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வசதி! குழந்தை சிணுங்க ஆரம்பிப்பதற்குள் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

உள்ளே போனால் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கற்கள். சின்னவன் முகம் தொங்கிவிட்டது. "ஐயே, வெறும் கல்லு!"

இந்தத் தடவை கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அங்கிருந்த பணியாளரிடம் போய், "ஐயா, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. குழந்தைகளுக்குப் புரியற மாதிரி கொஞ்சம் சொல்றீங்களா?" என்று கேட்டேன். மனுஷர் முகத்தில் என்ன ஒரு மலர்ச்சி! கேட்பதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து வந்தார்.

"தம்பி, இங்க வா. இது என்ன வடிவத்துல இருக்கு, சொல்லு?"

"பாதாம் பருப்பு மாதிரி."

"சபாஷ்! இதுக்குக் கைக்கோடரின்னு பேரு. ஒரு பக்கம் கூரு, ஒரு பக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தை உள்ளங்கையில வெச்சுப் பிடிப்பாங்க. இதுக்குப் பிடி கிடையாது, கைதான் பிடி. மேல பள்ளம் பள்ளமாத் தெரியுதா? ஒவ்வொரு பள்ளமும் ஒரு அடி. இன்னொரு கல்லால தட்டித் தட்டிச் சில்லு பெயர்த்திருக்காங்க. ரெண்டு பக்கமும் அப்படியே இருக்கு பாரு. தானா உடைஞ்ச கல் இந்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒழுங்கா இருக்காது."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "அம்மி கொத்தற மாதிரியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு, அசட்டுக் கேள்வியோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அதேதாம்மா! எங்க தட்டினா எந்தப் பக்கம் சில்லு பேரும்னு கைக்குத் தெரியணும். அம்மி கொத்தறவருக்குத் தெரியுமே, அந்த வித்தைதான்" என்றார்.

அந்த நிமிஷம் என் பயம் போன இடம் தெரியவில்லை. தோல் உரிக்கவும், இறைச்சி அறுக்கவும், கிழங்கு தோண்டவும், எலும்பை உடைக்கவும் உதவிய கருவி அது. நம் அரிவாள்மணையும் கத்தியும் செய்கிற வேலையைச் செய்தது. அதைப் பற்றிப் பேச நமக்கு இல்லாத தகுதியா?

எவ்வளவு பழசு?

"இது எத்தனை வருஷம் பழசு?" என்று கேட்டாள் மகள். அவர் சொன்ன பதிலைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. பிறகு வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் என்று ஒரு ஆங்கிலேயர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. 1863-ஆம் ஆண்டு மே 30-ந் தேதி, சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் சரளை வெட்டிய ஒரு குழியில், மனிதன் செதுக்கிய கல் ஒன்றை அடையாளம் கண்டார். இந்தியாவில் பழைய கற்காலத்து மனிதர் வாழ்ந்ததற்குச் சான்றாக முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட கருவிகளில் அது முக்கியமானது. அதே வருஷம் செப்டம்பர் மாதம், அவரும் வில்லியம் கிங் என்ற நண்பரும் நம் மாவட்டத்து அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். பூண்டிக்குப் பக்கத்து கிராமம்தான். கொசஸ்தலையாற்றில் கலக்கும் ஓடை ஒன்றின் கரையில் குவியல் குவியலாகக் கற்கருவிகள்! அது முதல் உலகத்து அறிஞர்கள் இந்தக் கருவிகளை 'மதராஸ் கைக்கோடரி' என்றே அழைத்தார்கள். 'சென்னைக் கைக்கோடரி' என்று பெயர் வாங்கித் தந்ததில் நம் மாவட்டத்து மண்ணுக்கு எவ்வளவு பங்கு, பாருங்கள்!

1999 முதல் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் வருஷக் கணக்கில் பொறுமையாகத் தோண்டி ஆராய்ந்தார்கள். ஒரு பெண்மணி முன்னின்று நடத்திய ஆராய்ச்சி என்பதை என் மகளிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். 2011-ல் வெளிவந்த அவர்களுடைய முடிவுப்படி, அங்கே கிடைத்த மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

எகிப்து பிரமிடு என்று வாயைப் பிளக்கிறோமே, அதற்கு வயது சுமார் 4,500 ஆண்டுகள்தான். ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்று கணக்குப் போட்டால், 15 லட்சம் வருஷம் என்பது 60,000 தலைமுறை. இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்கூட இல்லை. நமக்கு முந்தைய ஒரு மனித இனம். அவர்களுடைய எலும்பு அத்திரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. விலங்குகளின் பற்களும், ஈர மண்ணில் பதிந்த குளம்படித் தடங்களும் கிடைத்திருக்கின்றன.

கல்லுக்கு எப்படி வயது சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இட்லி மாவு புளித்திருப்பதைப் பார்த்து எப்போது அரைத்தது என்று சொல்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் வானத்திலிருந்து வரும் கதிர்கள் பட்டு, மிக நுண்ணிய அளவில் சில அணுக்கள் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்று, இருப்பவை ஒரே சீரான வேகத்தில் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால், எப்போது புதைந்தது என்பது தெரிந்துவிடும்.

2018-ல் இன்னொரு செய்தி வந்தது. பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டு, முன்கூட்டியே திட்டம் போட்டுச் சின்னச் சின்னதாகச் சில்லு எடுத்துக் கருவி செய்யும் புது வழிக்கு அத்திரம்பாக்கத்து மனிதர்கள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே மாறிவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அந்தத் திறமை இந்தியாவுக்கு மிகவும் பிந்தித்தான் வந்தது என்று அதுவரை நினைத்திருந்தவர்கள், யோசனையை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 'பார்க்க ஒன்றும் இல்லை' என்று நாங்கள் நினைத்த மாவட்டம், உலகத்துப் பண்டிதர்களையே யோசிக்க வைத்திருக்கிறது!

பையில் கனத்த கல்

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த சம்பவம்.

மியூஸியம் பார்த்துவிட்டு, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பஸ் வந்தது, ஏறிவிட்டோம். டிபன் பையை மடியில் வைத்தேன். கேரியர் காலி, ஆனால் பை கனக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கல்! கையகலம். ஒரு பக்கம் கூர்.

"என்னடா இது?"

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். "கைக்கோடரிம்மா. நான் கண்டுபிடிச்சேன். ஸ்கூல்ல காட்டணும்."

எனக்குப் பகீரென்றது. கிளம்பும்போது அந்தப் பணியாளர் சொன்னது காதில் ஒலித்தது. "வழியில இந்த மாதிரி கல்லு பார்த்தா எடுக்காதீங்க. கெடக்கற எடத்துலயே கெடக்கட்டும். எங்ககிட்ட வந்து சொன்னா போதும்."

என்ன செய்வது? நல்ல வெயில். அடுத்த பஸ் எப்போதோ. கைக்குழந்தை வேறு. ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்தான், "இறங்கிடலாங்க்கா. இன்னிக்கு விட்டா அவனுக்கு இது பழகிடும்" என்றாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இருந்த விவேகத்தைப் பாருங்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, காத்திருந்து, எதிர் பஸ் பிடித்துத் திரும்பினோம்.

பணியாளர் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் மூச்சே நின்றுவிட்டது.

"இது கருவி இல்ல தம்பி. தானா உடைஞ்ச கூழாங்கல்தான்" என்று சிரித்தார். சின்னவன் முகத்தில் ஏமாற்றம். "ஆனா ஒரு கேள்வி. இதை எங்கேருந்து எடுத்தே? மரத்துக்கு எந்தப் பக்கம்? மண்ணு மேல கெடந்துதா, பாதி புதைஞ்சு இருந்துதா? பக்கத்துல வேற கல்லு இருந்துதா?"

அவன் யோசித்தான், யோசித்தான். "தெரியலை சார்."

"பார்த்தியா? ஒரு மணி நேரத்துல மறந்துபோச்சு. இது நெஜமாவே கைக்கோடரியா இருந்திருந்தா, இப்ப இது ஊர் பேர் தெரியாத அநாதை. கல்லைவிட அது கெடந்த எடம்தான் எங்களுக்கு முக்கியம். எந்த மண் அடுக்குல இருந்துதுன்னு தெரிஞ்சாத்தான் வயசு சொல்ல முடியும்."

அவர் கோபிக்கவில்லை, அதட்டவில்லை. அவனையே எங்களோடு மரத்தடிக்கு அனுப்பி, போட்டுவிட்டு வரச் சொன்னார். 'எனக்குச் சரியான இடம் ஞாபகமில்லையேம்மா' என்று அவன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தவித்த தவிப்பு இருக்கிறதே, ஆயிரம் புத்தகம் கொடுக்காத பாடம்.

சகோதரிகளே! நம் மாவட்டத்தில் நிலங்கள் வேகமாக மனைகளாகின்றன. ஃபேக்டரிகள் வருகின்றன, சரளை வெட்டுகிறார்கள். வேலை வாய்ப்பும் வேண்டியதுதான், எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அதனால்தான். ஆனால் தோண்டும் இடத்தில் பழைய பானையோ, கருவியோ தெரிந்தால் அது இன்னதென்று அறிந்து, தாசில்தார் ஆபீசிலோ தொல்லியல் துறையிலோ ஒரு வார்த்தை சொல்ல ஆள் வேண்டுமே? அந்த ஆள் நம் பிள்ளையாக இருக்கலாம். அதற்குத்தான் மியூஸியம்.

பழவேற்காட்டில் பார்த்தது

ருசி கண்ட பூனையாகிவிட்டோம்! அடுத்த லீவில் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனோம். அங்கே டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டி, பல வருஷம் கோரமண்டலக் கரை வியாபாரத்துக்குத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். இங்கிருந்து கப்பலேறிய துணி உலகமெல்லாம் போயிற்று. நம் வீட்டு ஆண்கள் கட்டும் பாளையக்காட் லுங்கி இருக்கிறதே, அந்தப் பெயரே இந்த ஊரிலிருந்து வந்ததுதான். துணி மட்டுமா போயிற்று? ஏழை ஜனங்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி ஆயிரக்கணக்கில் கப்பலேற்றியதும் இதே துறைமுகத்திலிருந்துதான். குழந்தைகளிடம் அதையும் மறைக்காமல் சொன்னேன்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தை மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் பயந்த சின்னவன், பிறகு அதைப் போலவே நின்று காட்டினான்! உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் பூ வேலை, எழுத்து, கப்பல், கேடயம் என்று எத்தனை நுணுக்கம்! ஆனால் கோட்டையைத் தேடினால், இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. "ஏம்மா, கல்லறை இருக்கு, கோட்டை இல்ல?" என்று மகள் கேட்டாள். கவனித்தது நிற்கிறது, கவனிக்காதது போய்விட்டது. வேறென்ன சொல்வது?

'செத்த காலேஜ்'

மூன்றாவதாக எழும்பூர் மியூஸியம். பழைய சென்னைவாசிகள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூர் மியூஸியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். என் மாமியார் கடைசி வரை அப்படித்தான் சொன்னார். எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் பொறுப்பில் 1851-ல் ஆரம்பித்த மியூஸியம் அது. மிருகக்காட்சி சாலையும் முதலில் மியூஸியத்தோடுதான் இருந்தது. பிறகு சென்ட்ரல் பக்கத்துக்குப் போய், 1985-ல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது.

புரூஸ் ஃபூட் சேகரித்த கருவிகளை அரசாங்கம் 1904-ல் இந்த மியூஸியத்துக்காக விலைக்கு வாங்கியது. அதைச் சொன்னதும் என் பிள்ளைகள், "நம்ம ஊர்க் கல்லு எங்கே?" என்று தேடிக்கொண்டு ஓடியதைப் பார்க்க வேண்டுமே! ஆதிச்சநல்லூரில் கிடைத்த பொருள்கள், அமராவதிச் சிற்பங்கள், சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் என்று அங்கே பார்க்க ஒரு வாரம் போதாது. நாங்கள் பார்த்தது இரண்டே கூடம்தான். மிச்சம் இன்னொரு நாளைக்கு. முன்பு பட்ட அனுபவம் பாடமாயிற்றே!

கிளம்பும் முன் சில யோசனைகள்

எனக்குப் பலித்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், பக்கத்தில் இருக்கும் சின்ன மியூஸியத்தில் ஆரம்பியுங்கள். போன் போட்டோ, விசாரித்தோ லீவு நாளைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஐந்தே பொருள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழந்தையும் தனக்குப் பிடித்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து நோட்டில் படம் வரையட்டும். வரைந்தால்தான் கண் நின்று பார்க்கும். சின்னதுகளுக்கு, 'இதை வைத்து என்ன பண்ணியிருப்பாங்க?' என்று விடுகதை போடுங்கள்.

பலகையில் எழுதியிருப்பது புரியவில்லையா? விட்டுத் தள்ளுங்கள். பானையும், விளக்கும், மணிமாலையும், அரைக்கும் கல்லும் நமக்குத் தெரியாததா? 'நம் வீட்டில் இதற்குப் பதில் என்ன இருக்கிறது?' என்று கேட்டால் போதும், குழந்தை தானே பேச ஆரம்பித்துவிடும்.

அங்கே இருப்பவரிடம் தைரியமாகக் கேளுங்கள். 'இதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?' என்று கேட்டுப் பாருங்கள். மனசு திறந்து சொல்வார்கள். ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி வரும் சென்னை தின வாரத்தில், கோட்டை, மயிலாப்பூர் என்று நடந்தபடியே சரித்திரம் சொல்லும் உலாக்கள் நடக்கின்றன. கைக்குழந்தை இருந்தால் காலை வேளை உலாவைத் தேர்ந்தெடுங்கள்.

உடம்பையும் கவனிக்க வேண்டுமே. கொதித்து ஆறிய தண்ணீர், எலுமிச்சம்பழம், கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் பையில் இருக்கட்டும். கோடை மத்தியானத்தில் பூண்டியும் பழவேற்காடும் வேண்டாம். மார்கழி, தை மாதங்கள் சுகமானவை. குழந்தையின் தலைக்குத் துணித் தொப்பி, நமக்குத் தட்டையான செருப்பு. கிளம்புவதற்கு முன்பே குழந்தைகளைப் பாத்ரூம் அனுப்பிவிடுங்கள். குழந்தைக்குப் பசி வந்துவிட்டால் பார்த்தது போதும், வெளியே வந்துவிடுங்கள். சரித்திரம் எங்கும் ஓடிவிடாது.

பூண்டியை அடுத்து, சீதஞ்சேரி வழியாகப் போனால் குடியம் குகைகள் இருக்கின்றன. கற்கால மனிதர் தங்கிய இடம் என்று 1960-களில் அங்கே அகழாய்வும் செய்தார்கள். ஆனால் காட்டுப் பாதையில் நீண்ட நடை. அனுமதி விசாரித்துக்கொண்டு, ஊர் தெரிந்த துணையோடு, நடக்கத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போங்கள். கைக்குழந்தைக்காரர்களுக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எதையும் எடுத்து வராதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் எடுப்பது சட்டப்படியும் குற்றம். பார்த்த இடத்தைக் குறித்துக்கொண்டு, சொல்ல வேண்டியவரிடம் சொன்னால் போதும்.

அந்தக் கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பள்ளியில் கொடுத்துத் திரும்பியும் வந்துவிட்டது. பத்துக்கு நான்கு மார்க்! ஆனால் போன வாரம் அலமாரி ஒழிக்கும்போது அந்த நோட்டு கையில் கிடைத்தது. கடைசி வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் மகள் எழுதியிருந்தாள்:

"பார்க்க நிறைய இருக்கிறது. எங்கே என்று அம்மாவைக் கேட்கவும்."